மருவுக்குச் சுண்ணாம்பு, மனைவிக்கு ‘நைட் வேலை’

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 34 வயது. காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். மூன்று மாதமாக ஆணுறுப்பின் அடிப்பக்கம் மரு மாதிரி நாலைந்து இருக்கின்றன. வலியில்லை. சுண்ணாம்பு வைத்தேன், புண்ணாகி ஆறியது, மரு போகவில்லை. “இது பொம்பளைக்கு ஒட்டினா கேன்சர்தான்” என்கிறார் கூட வேலை செய்பவர். மனைவிக்கு 31, மகளுக்கு 10 வயது. நைட் வேலை என்று சொல்லிவிட்டுப் படகிலேயே படுத்துக்கொள்கிறேன்.
— பெயர் வேண்டாம், காசிமேடு

பதில்: தம்பி, சுண்ணாம்பை வெற்றிலைக்கே விட்டுவிடுங்கள். கால் ஆணிக்கு விற்கும் மருந்தையும் அங்கே தடவிவிடாதீர்கள், வெந்துவிடும்.

அது மருதானா என்பதைக் கண்ணால் பார்க்காமல் சொல்ல மாட்டேன். தண்டையார்பேட்டையில் என் கிளினிக்குக்கு ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கதவைத் தாழிட்டவன், தாழ் விழுந்ததா என்று இன்னொரு முறை இழுத்துப் பார்த்துக்கொண்டான். மொட்டின் விளிம்பைச் சுற்றி, ரவையைக் கோத்து வைத்ததுபோல் ஒரே வரிசையில் பொடிப்பொடி முத்துகள். பிளேடால் சீவப் பார்த்திருக்கிறான்! அது நோயே இல்லை, யாருக்கும் ஒட்டாது. பிளேடு பட்ட காயத்துக்குத்தான் மருந்து எழுதினேன். நிஜ மரு அப்படி வரிசை கட்டாது. காலிஃபிளவர் நுனிபோல் சொரசொரப்பாக, இங்கொன்று அங்கொன்றாக வரும். சிபிலிஸ் நோயிலும் ஈரமான தட்டைக் கட்டிகள் வருவதுண்டு, அதனால் ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

சரி, கேன்சர். மரு வருவது ஹெச்.பி.வி. வைரஸால். அதில் 100 வகைக்கு மேல் உண்டு. பிறப்புறுப்பு மருக்களில் 10-க்கு 9 பங்கு 6, 11 என்ற வகைகளின் வேலை. அவை புற்றுநோயைக் கொண்டுவருவது மிக அபூர்வம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் 10-க்கு 7 பங்குக்குக் காரணம் 16, 18 என்ற வேறு வகைகள். ஒரே தெருவில் இருக்கிறார்கள், ஆனால் வீடு வேறு. உங்கள் நண்பர் தெருப் பெயரை வைத்தே எல்லாரையும் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்.

ஆனால் ஒருவர் உடம்பில் இரண்டு வகையும் சேர்ந்து இருக்கலாம். மரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 30 வயது தாண்டிய பெண்ணுக்குக் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை தேவை, உங்கள் மனைவிக்கும்தான். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்கிறார்கள். வினிகர் மாதிரியான நீர்த்த அமிலத்தைத் தொட்டு வைத்து, ஒரு நிமிடம் பொறுத்து, எங்காவது வெளுக்கிறதா என்று பார்ப்பார்கள். அவ்வளவுதான். அப்புறம், உங்கள் மகளுக்கு இது ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுகிற வயது. 15 வயதுக்குள் என்றால் 2 ஊசி போதும்.

நீங்கள் ஸ்டான்லி மருத்துவமனையில் பால்வினை நோய்ப் பிரிவுக்குப் போங்கள். அங்கே இருப்பவர்கள் தினமும் பார்ப்பதுதான் இது. மருவாக இருந்தால் உறைய வைத்தோ, சுட்டோ, களிம்பு கொடுத்தோ எடுப்பார்கள். முதல் சில மாதங்களில் திரும்ப முளைக்கலாம், பயப்படாதீர்கள். மரு போகும்வரை விலகியிருப்பது சரிதான். ஆணுறை பரவலைக் குறைக்கும். ஆனால் அது மூடாத தோலிலிருந்து வைரஸ் ஒட்டலாம்.

மனைவியிடம் சொல்லிவிடுங்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று எந்த டாக்டராலும் தேதி போட முடியாது. இந்த வைரஸ் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். இதை அவரிடமும் சொல்லுங்கள், சண்டை பாதியாகும். எப்படியும் மூன்று மாத நைட் வேலைக்குக் கூலி மட்டும் ஏன் கூடவில்லை என்று அவர் இந்நேரம் கணக்குப் போட்டிருப்பார்.