ஓசூரில் வீடு, பெங்களூரில் வேலை: தினமும் போய் வர முடியுமா?

கேள்வி: பெங்களூரில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே வாடகை கட்டுப்படியாகாது போலிருக்கிறது. ஓசூரில் குடியிருந்துகொண்டு தினமும் போய் வருவது சரிப்படுமா?

சரிப்படும். ஏராளமான பேர் போய் வருகிறார்கள், நானும்தான். ஆனால் ஆபீஸ் எங்கே என்று நீங்கள் சொல்லவில்லையே! ஓசூர் ரோடு நகருக்குள் நுழையும் இடத்திலுள்ள சில்க் போர்டு ஜங்ஷனுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? ஓசூரில் யாரிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். மேப்பில் 40 கிலோமீட்டர் என்று பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

இந்தப் பக்கம் என்றால், அதாவது அத்திப்பள்ளி, சந்தாபுரம், பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்றால், யோசிக்கவே வேண்டாம், ஓசூருக்கே வந்துவிடுங்கள். பெங்களூரின் வடக்கே எலஹங்காவில் குடியிருந்துகொண்டு எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்கு வருகிறவரை விட நீங்கள் சீக்கிரம் வீடு போய்ச் சேருவீர்கள்.

அந்தப் பக்கம் என்றால்தான் பேச வேண்டியிருக்கிறது. என் கணவருக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை, எனக்கு ஜெயநகரில். இருவரில் ஒருவர் அலைந்தே ஆக வேண்டும். அவருக்கு ஷிஃப்ட் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அலைச்சல் என் பங்குக்கு வந்தது. மாமியார் கூட இருக்கிறார். ஸ்கூல் விட்டு வரும் பிள்ளைக்குக் கதவு திறக்க ஆள் உண்டு. அவர் இல்லையென்றால் இந்த ஏற்பாடு ஒரு வாரம்கூட ஓடாது. சின்னப் பிள்ளைகள் இருந்தால், வாடகைக் கணக்கு போடுவதற்கு முன் இதை யோசியுங்கள்.

மெட்ரோவுக்கு முன்பு எங்களுக்கு இருந்த வழி பஸ்தான். பஸ்ஸில் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, ஏறும்போதே ‘மேலேயா, கீழேயா’ என்று கேட்பது. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சில்க் போர்டு பக்கம் வரை கிட்டத்தட்ட 10 கிலோமீட்டருக்கு 2010இல் திறந்த மேம்பாலச் சாலை இருக்கிறது. மேலே போகிற பஸ் கூட்லு கேட், பொம்மனஹள்ளி எதிலும் நிற்காது. கேட்காமல் ஏறிய புது ஆட்கள் பாலத்தின் மேலிருந்து தங்கள் ஆபீஸைப் பார்த்துக்கொண்டே சில்க் போர்டு போய்ச் சேருவார்கள்.

அதைவிடப் பெரிய தொல்லை வெள்ளிக்கிழமை சாயங்காலம். சேலம், தர்மபுரி பக்கம் போகிற பஸ்களில் பாதி வழியில் இறங்கும் எங்களுக்கு அன்று மரியாதை கிடையாது. “ஓசூர் யாரும் ஏறாதீங்க, முன்னாடியே சொல்லிட்டேன்” என்று கண்டக்டர் படியிலேயே நிற்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஓசூரில் காலியாகும் சீட்டுக்கு அதற்கப்புறம் ஆள் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அத்திப்பள்ளியில் பட்டாசு வாங்க வரும் கார்களும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

2025 ஆகஸ்ட் 10 அன்று மஞ்சள் லைன் மெட்ரோ திறந்ததும் நிலைமை நிறையவே மாறிவிட்டது. ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை 19 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். நான் இப்போது ஓசூரில் பஸ் பிடித்து பொம்மசந்திராவில் இறங்கி, மெட்ரோவில் ஆர்.வி. ரோடு போய், அங்கே பச்சை லைனுக்கு மாறி அடுத்த ஸ்டேஷனான ஜெயநகரில் இறங்குகிறேன். நகர மையத்திலுள்ள மெஜஸ்டிக் போகிறவர்கள் அதே ரயிலில் தொடரலாம். தொடங்கியபோது மூன்றே ரயில்கள், 25 நிமிடத்துக்கு ஒன்று. ஒன்றைத் தவறவிட்டால் பிளாட்பாரத்தில் ஒரு சாப்பாட்டு டப்பாவைக் காலி செய்துவிடலாம். அப்புறம் ரயில்கள் வர வர இடைவெளி குறைந்தது. கட்டணம் ஒன்றும் கம்மி இல்லை. 2025 பிப்ரவரியில் ஏற்றியபோது மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயானது. மாதச் செலவில் பஸ் காசையும் சேர்த்துப் பாருங்கள், வாடகையில் மிச்சம் பிடிப்பதில் ஒரு பகுதி இதிலேயே போய்விடும். ஆனாலும் எத்தனை மணிக்கு வீடு போவேன் என்று இப்போது போனில் சொல்ல முடிகிறது. சில்க் போர்டில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்த நாட்களில் அதைச் சொல்லவே மாட்டேன்.

ரயில் பற்றியும் கேட்பீர்கள். ஓசூரிலிருந்து ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு வழியாகப் பையப்பனஹள்ளிப் பக்கம் போகும் பாதை உண்டு. சர்ஜாபூர் ரோட்டில் ஆபீஸ் என்றால் கார்மேலாரத்தில் இறங்குவது நல்ல யோசனை. சீசன் டிக்கெட் எடுத்தால் இதைவிட மலிவான வழி கிடையாது. வண்டிகள் குறைவு என்பதுதான் சிக்கல். ரயில் நேரமும் உங்கள் ஆபீஸ் நேரமும் ஒத்துப்போனால் அதிர்ஷ்டம்.

ஒயிட்ஃபீல்ட், மாரத்தஹள்ளி, ஹெப்பாள் என்றால்? வேண்டாம். அத்திப்பள்ளியிலிருந்து சர்ஜாபூர், தொம்மசந்திரா வழியாக ஒயிட்ஃபீல்டுக்குப் பைக்கில் போகிறவர்கள் இருக்கிறார்கள், எல்லாரும் இளவட்டம். மழைக்காலத்தில் அவர்களே பெங்களூரில் ரூம் எடுத்துவிடுகிறார்கள். ராத்திரி ஷிஃப்ட் என்றாலும் கவனம் தேவை. கர்நாடக மஞ்சள் போர்டு வண்டி ஓசூருக்குள் வரத் தமிழ்நாட்டிலும் செல்லும் பர்மிட் வேண்டும் என்பதால், கம்பெனி கேப் எல்லையிலுள்ள அத்திப்பள்ளியிலேயே இறக்கிவிட்டுப் போய்விடலாம். அங்கிருந்து வீட்டுக்கு எப்படி என்று சேருவதற்கு முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாநில எல்லை தாண்டிப் போவதில் வேறு சில விஷயங்கள் உண்டு. காவிரிப் பிரச்சினை சூடானால் முதலில் நிற்பது ஓசூர் பஸ். 2016 செப்டம்பரில் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் வண்டிகளை எரித்தபோது இரண்டு பக்கத்து பஸ்களும் எல்லையோடு நின்றன. ஜனங்கள் பையைத் தூக்கிக்கொண்டு எல்லையின் தமிழ்நாட்டுப் பக்கமுள்ள ஜூஜூவாடிக்கும் கர்நாடகப் பக்கமுள்ள அத்திப்பள்ளிக்கும் நடுவே நடந்தார்கள். 2023 செப்டம்பர் பந்த்களிலும் பஸ்கள் நின்றன. வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதிக்கும் மேனேஜர் இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை.

பெண்களுக்கு ஒரு தகவல். கர்நாடகத்தின் சக்தி திட்டத்தில் இலவச பஸ் பயணம் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்குத்தான். ஓசூர் ஆதாரைக் காட்டினால் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். நம் பக்கத்து டவுன் பஸ்ஸில் முகவரி கேட்பதில்லை, ஆனால் அது எல்லைப் பக்கம் வரைக்கும்தான் உதவும். சம்பளத்தில் கர்நாடகத் தொழில் வரி பிடிப்பார்கள், சின்னத் தொகைதான். லீவு விஷயத்தில்தான் வீட்டில் சண்டையே வரும். மாட்டுப் பொங்கலன்று பிள்ளைக்கு லீவு, எனக்கு ஆபீஸ். கர்நாடகம் உருவான நாளான நவம்பர் 1 ராஜ்யோத்சவத்துக்கு எனக்கு லீவு, அன்று பிள்ளைக்கு ஸ்கூல், கணவருக்கு வேலை. உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த ஒரு நாள் பிடித்திருக்கிறது.

வீடு பார்க்கும்போது ஊரின் எந்த மூலை என்று பாருங்கள். ஜூஜூவாடி, மூக்கண்டப்பள்ளி, தர்கா, சிப்காட் எல்லாம் பெங்களூர்ப் பக்கம். ராயக்கோட்டை ரோட்டிலோ தளி ரோட்டிலோ வாடகை குறைவாகக் கிடைத்தாலும், காலையில் ஊருக்குள்ளிருந்து ஹைவேக்கு வந்து சேர்வதே தனிப் பயணம். வாங்க அவசரப்படாமல் முதலில் வாடகைக்கு எடுங்கள். ஒரு திங்கட்கிழமைக் காலையும் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் போய் வந்து பார்த்த பிறகே வாடகை அட்வான்ஸையும் கொடுங்கள்.

கடைசியாக, ஃப்ளாட் விற்கிறவர்கள் ‘மெட்ரோ ஓசூருக்கே வரப்போகிறது’ என்பார்கள். பொம்மசந்திராவிலிருந்து ஓசூர் வரை 23 கிலோமீட்டருக்குத் தமிழ்நாடு அரசு தரப்பில் ஆய்வு நடந்தது உண்மை. ஆனால் மஞ்சள் லைன் ஓடுவது பாதையோரம் மூன்றாம் தண்டவாளத்தில் வரும் 750 வோல்ட் மின்சாரத்தில், ஓசூர் ஆய்வு சொன்னதோ தலைக்கு மேல் கம்பியில் வரும் 25 கிலோவோல்ட் மின்சாரம். இரண்டையும் இணைப்பது சாத்தியமில்லை என்று பெங்களூர்த் தரப்பு 2025இல் சொல்லிவிட்டது. பொம்மசந்திராதான் கடைசி ஸ்டேஷன் என்று வைத்தே கணக்குப் போடுங்கள். வராத ரயிலுக்கும் சேர்த்து விலை சொன்னால் பேரம் பேசிக் குறையுங்கள்.