அண்ணாவின் அறையில் இருக்கும் கொப்பி

கேள்வி: நான் வன்னியிலுள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் வருட மாணவன். நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் பீட மாணவர் ஒன்றியத்தின் செயலாளராகத் தெரிவானேன். விடுதியில் காலையில் ஒரு மணித்தியாலம்தான் தண்ணீர் வருகிறது. நிர்வாகத்திடம் போனால் "அதுக்குப் போன வருசமே பதில் தந்தாச்சு" என்கிறார்கள். விளையாட்டு விழாவுக்கு அன்பளிப்புக் கேட்டுப் போன கடையில், "போனமுறை தந்ததுக்கே கணக்கில்லை" என்று முதலாளி முகத்தைத் திருப்பினார். முதலாம் வருடத்தினர் எங்களை நிர்வாகத்தின் ஆட்கள் என்கிறார்கள். பழைய செயலாளர் கூட்டக் குறிப்புக் கொப்பியையும் ஃபைல்களையும் இன்னும் தரவில்லை. அவர் எங்கள் ஊர் அண்ணா, அம்மாவுக்கும் வேண்டியவர், அதனால் நான் கேட்கவில்லை. அது பெரிய விசயமில்லை. படிப்பும் கெடுகிறது. விலகிவிடலாமா? ஊர் மாதர் சங்கத்தின் பொருளாளராக இருக்கும் அம்மா, "ஏற்ற பொறுப்பை இடையில விடாதே" என்கிறா.
— ஒரு வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: தம்பி, கொப்பி வரவில்லை என்று ஒரு வரி எழுதி, "அது பெரிய விசயமில்லை" என்று அடுத்ததற்குத் தாவிவிட்டீர். மாணவர் ஒன்றியங்களிலிருந்து வரும் கடிதங்களில் இப்படியொரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும். மற்றதெல்லாம் அதிலிருந்துதான் முளைக்கும்.

நிர்வாகம் போன வருடம் தந்த பதில் என்ன? உமக்குத் தெரியாது, கடிதம் அந்த ஃபைலில் கிடக்கிறது. கடை முதலாளி எவ்வளவு தந்தார், எத்தனையாம் இலக்கப் பற்றுச்சீட்டுக்குத் தந்தார்? தெரியாது, அடிக்கட்டை அண்ணாவின் அறையில். முதலாம் வருடப் பிள்ளை ஒன்று வந்து "எங்களுக்காக இதுவரை என்ன கேட்டனீங்கள்?" என்றால் எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை. நான்கு மாதமாக நீர் பெயருக்குத்தான் செயலாளர்.

"எங்கள் ஊர் அண்ணா, அம்மாவுக்கு வேண்டியவர்" என்று அதற்கு ஒரு காரணமும் எழுதியிருக்கிறீர். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். வேண்டியவரிடமே வாய் திறக்க முடியாதவர், நாளைக்குத் துணைவேந்தர் முன்னால் இருந்து எதைக் கேட்கப் போகிறீர்? ஊராள் கையில் பொதுக் காசும் பொதுக் கொப்பியும் இருந்தால் முதலில் போய்க் கேட்கவேண்டியவர் அந்த ஊர்ப் பிள்ளைதான். அவரை மதிக்கிறீர் என்றால் அவர் பாரத்தை இறக்கி வைக்க வழிசெய்யும். காசு குறைகிறது என்று நாளை ஒருவன் கதை கட்டினால், "எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன்" என்று காட்ட அவரிடமும் ஒரு துண்டு இல்லை. உம்முடைய கூச்சம் அவரைக் காப்பாற்றவில்லை, மாட்டிவிட்டிருக்கிறது.

இதை எப்படிச் செய்வதென்று உம்முடைய வீட்டிலேயே ஆள் இருக்கிறா. மாதர் சங்கத்தில் நிர்வாகம் மாறினால் காசுப் புத்தகம், சந்தாப் புத்தகம், வங்கிப் புத்தகம் எல்லாம் பொதுக்கூட்டத்தில் மேசைக்கு வரவேண்டும், மீதியை எல்லோருக்கும் கேட்க வாசிக்க வேண்டும். அம்மாவிடம் கேளும்: "பழைய பொருளாளர் உங்களிட்ட எப்பிடி ஒப்படைச்சவ?" ஆயிரம் ரூபாய்க் கடனுக்கும் கையெழுத்து வாங்குகிற தாயின் மகன் நீர்.

இன்னொன்று. 2009இல் புதுக்குடியிருப்பிலிருந்து மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்த சனம் சட்டி பானையைக் கைவிட்டது, பிறப்பத்தாட்சியையும் காணிப் பெர்மிட்டையும் பொலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு நடந்தது. அவற்றைத் தொலைத்தவர்கள் பிறகு எத்தனை நடமாடும் சேவைகளில் வரிசையில் நின்றார்கள் என்று ஊரில் கேட்டுப் பாரும். வன்னியில் பல்கலைக்கழக வாழ்க்கையும் இளையது. வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமானதே 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதிதான். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள பீடங்களுக்கும் நெடுங்காலப் பழக்கவழக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரு பட்ச் நாலு வருடத்தில் போய்விடும். அதற்குப் பிறகு ஒன்றியத்துக்கு ஞாபகம் என்று இருப்பது அந்தக் கொப்பி மட்டும்தான்.

சரி, வேலைக்கு வருவோம். அண்ணாவுக்கு முதலில் அழைப்பு எடும். "கையளிப்பை எழுத்தில் முடிப்போம் அண்ணா, எந்த நாள் வசதி?" என்று கேட்டால் போதும், கதை வளர்க்க வேண்டாம். தனியே போகாமல் கனிஷ்ட பொருளாளரையும் கூட்டிக்கொண்டு போம். கையளிப்புப் பட்டியலை இரண்டு பிரதியாக முன்பே எழுதி வையும்: கூட்டக் குறிப்புக் கொப்பி, கூட்டத்துக்கு வந்தவர்களின் வரவுத் தாள்கள், வந்த கடித ஃபைல், போன கடித ஃபைல், றப்பர் முத்திரை, வங்கிப் புத்தகம், காசோலைப் புத்தகமும் அடிக்கட்டைகளும், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், ஒலிபெருக்கி, மைக், பனர் துணி வரைக்கும். யாப்பின், அதாவது ஒன்றிய விதிகளின், கடைசித் திருத்தப் பிரதியையும் கேட்க மறக்க வேண்டாம். அநேக ஒன்றியங்களில் அதுதான் முதலில் காணாமல் போகும்.

பற்றுச்சீட்டுப் புத்தகத்தைச் சும்மா வாங்கி வைக்காதையும். ஐம்பது தாள் புத்தகம் என்றால் 1இலிருந்து 50 வரை விரலால் தட்டி எண்ணும். எழுதியவை எத்தனை, வெறுமையானவை எத்தனை, பிழைபட்டவை எத்தனை. பிழைபட்ட தாள் கிழிபடாமல், குறுக்கே "இரத்து" என்று எழுதி, இரண்டு பிரதியும் புத்தகத்திலேயே இருக்கவேண்டும். உதாரணத்துக்கு 23ஆம் இலக்கம் இல்லையென்றால் "23 இல்லை" என்று பட்டியலில் எழுதி இருவரும் கையெழுத்து வையும். அங்கே நின்று விளக்கம் கேட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். அந்தக் கடை முதலாளியின் தாள் எந்த இலக்கம் என்று மட்டும் குறித்துக்கொள்ளும், அதோடுதான் மறுபடி அவரிடம் போகவேண்டும்.

வங்கியில் கையொப்பக்காரர் மாறவில்லை என்றால் காசு இன்னும் பழைய நிர்வாகத்தின் கையில்தான். கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, அந்தக் குறிப்பின் பிரதியில் தலைவரும், விரிவுரையாளரான சிரேஷ்ட பொருளாளரும் ஒப்பமிட்டு, புதியவர்களின் அடையாள அட்டைப் பிரதிகளோடு கொண்டுபோம். அதே நாளில் கணக்குக்கூற்று ஒன்றும் எடும். அடிக்கட்டையில் எழுதியிருந்து வங்கிக்கு இன்னும் வராத காசோலை இருக்கிறதா என்று பாரும். காசோலை ஆறு மாதம் வரைக்கும் செல்லும், புத்தகத்தில் மீதி என்று காட்டுவது முழுக்க உம்முடைய மீதியாக இராது.

ஒரு கிழமையில் அவர் தராவிட்டால் கடிதம் எழுதும், பிரதி சிரேஷ்ட பொருளாளருக்கும் மாணவர் நலன்புரிப் பிரிவுக்கும். வட்ஸ்அப் குழுவில் ஒரு சொல்லும் போடக்கூடாது. அப்படிப் போட்டால் அவர் கொப்பியும் தரமாட்டார், அம்மாவின் முகத்திலும் விழிக்கமாட்டார். தொலைந்துவிட்டது என்று சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு, பீடாதிபதி அலுவலகத்திலும் நலன்புரிப் பிரிவிலும் உள்ள கடிதப் பிரதிகளை வைத்துப் பட்டியலை மீள எழுதும். மேலே "மீளத் தயாரித்தது" என்று இன்றைய திகதியோடு போட்டுப் பொதுக்கூட்டத்தில் வையும். பழைய திகதி போட்டுப் பழைய குறிப்பை நீரே எழுதினால் அது கள்ளக் கையெழுத்துக்குச் சமன்.

இப்போது உம்மையே கேட்கிறேன். இந்த நான்கு மாதக் கூட்டங்களை எதில் எழுதினீர்? கைப்பேசியில் என்றால் நீரும் அண்ணா செய்ததையே செய்கிறீர். கட்டிய சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கி, முதல் நாளே எல்லாப் பக்கத்துக்கும் பேனையால் இலக்கமிடும். திகதி, நேரம், வந்தவர், வராதவர், தீர்மானம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், யார் எந்த நாளைக்குள் செய்வது. கோபத்தில் யார் யாரை என்ன சொன்னார் என்பது வேண்டாம். கூட்டம் முடிந்து இரண்டு நாளுக்குள் எழுதிவிடும், மூன்றாம் நாள் பாதி மறந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் வாசித்துத் தலைவர் ஒப்பமிட்டபிறகுதான் அது குறிப்பு.

தண்ணீர்க் கடிதத்துக்கு வருகிறேன். ஒரு கடிதத்தில் ஒரு விசயம்தான். சிற்றுண்டிச்சாலையையும் கடைசி பஸ்ஸையும் அதில் சேர்த்தால் சுலபமானதற்குப் பதில் தந்து மற்றதை விட்டுவிடுவார்கள். ஏழு நாள் குறித்துப் பாரும்: எந்த விடுதி, எத்தனையாம் மாடி, எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை பேர் இருக்கிறார்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் வன்னிக் கிணறு எல்லாம் இறங்கும், அதைச் சொல்லித்தான் தட்டிக்கழிப்பார்கள். தாங்கி நிறைந்திருக்க மேல்மாடிக்கு ஏறவில்லையா, தாங்கியே நிறையவில்லையா என்று பார்த்து எழுதினால் அந்தச் சாட்டு நிற்காது. முதலாவது மோட்டரோ குழாயோ பற்றியது, இரண்டாவது கிணறோ பவுசரோ பற்றியது. "போன வருடம் இத்தனையாம் திகதி தந்த பதிலில் சொன்னபடி" என்று தொடங்க முடிந்தால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். அதற்கும் அந்த ஃபைல் வேண்டும். உம்முடைய பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வரவேண்டாம்.

முதலாம் வருடத்தினரின் நம்பிக்கையைப் பேச்சால் வாங்க முடியாது. கூட்டத் தீர்மானங்களையும் மாதக் கணக்கையும் அறிவித்தல் பலகையில் ஒட்டும். ஒன்றைமட்டும் ஒட்டவும் கூடாது, குறிப்பில் பெயரோடு எழுதவும் கூடாது: பகிடிவதை முறைப்பாடு. அது வந்த அன்றே மாணவ ஆலோசகரிடம் எழுத்தில் போகவேண்டும். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை உண்டு. ஒன்றியத்துக்குள் கதைத்துச் சமாளிப்பது உம்முடைய அதிகாரத்தில் இல்லை.

படிப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். விரிவுரை நேரத்தில் ஒன்றிய வேலைக்கு எழும்பிப் போகாதையும், 80 வீத வரவு கேட்கும் பாடத்தில் செயலாளருக்கென்று சலுகை இல்லை. எழுத்து வேலைக்குக் கிழமையில் இரண்டு மாலை போதும்.

விலகலாமா என்று கேட்டீர். விலகும் செயலாளர் அடுத்தவரிடம் கையளித்துவிட்டுத்தான் போகவேண்டும். இன்றைக்கு உம்மிடம் கையளிக்க என்ன இருக்கிறது? இந்தச் சனிக்கிழமை ஊருக்குப் போம், முதலில் அம்மாவிடம் சொல்லும், பிறகு அண்ணா வீட்டுக்கு நடவும். பட்டியலின் இரண்டு பிரதியிலும் கையெழுத்து விழுந்தபிறகும் விலகத்தான் வேண்டும் என்று தோன்றினால் அப்போது எழுதும்.