மஞ்சள் விளக்கு: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டிலிருந்து கணினி வேலைக்குப் போன முதல் ஆள் நான். தாத்தா பின்னி மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தவர். எனக்குத் தரமணியில் ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை, இது ஆறாவது ஆண்டு. சேர்ந்த அன்று "நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்றார்கள். இந்த ஆண்டு அப்ரைசலில், அதாவது வேலை மதிப்பீட்டில், கடைசி ரேட்டிங் கொடுத்துவிட்டார்கள். வேலையில் குறை இல்லையாம், 'விசிபிலிட்டி', அதாவது மேலே இருப்பவர்கள் கண்ணில் படுவது, போதவில்லையாம். மீட்டிங்கில் நான் அதிகம் பேசுவதில்லை, அது உண்மைதான். கொஞ்ச நேரம் எழுந்துபோனால் திரையில் என் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சை விளக்கு மஞ்சளாகிவிடுகிறது. அதற்குப் பயந்து, சாப்பிடும்போதும் இடது கையால் போனைத் தொட்டுக்கொண்டே இருக்கிறேன். வீட்டில் சொன்னால், "ஏசியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை, இதில் என்ன கஷ்டம்?" என்கிறார்கள். தவறு என்னிடம்தானா?

ச.

(பெயரும் நிறுவனமும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ச.,

உங்கள் மேனேஜர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தே போதும் என்று வருவதற்கு முன் 11 ஆண்டுகள் இதே தொழில்தான். கடைசி நான்கு ஆண்டுகள் ஏழு பேர் கொண்ட குழுவைப் பார்த்துக்கொண்டேன். ஆண்டுக்கு ஒருமுறை மேலிருந்து ஒரு எக்செல் தாள் வரும். ஏழு பேரில் ஒருவர் கடைசிக் கட்டத்தில் இருந்தாக வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவில்லை. ஓர் ஆண்டு ஏழு பேருமே நன்றாக உழைத்திருந்தார்கள். இரவு பத்தரை வரை பெயர்களை ஒரு கட்டத்திலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டிக்கொண்டிருந்தேன். முடிவில் நான் தேர்ந்தெடுத்தது திறமை குறைந்தவரை அல்ல, சண்டைக்கு வரமாட்டார் என்று தோன்றியவரை. தண்டையார்பேட்டைப் பையன், டெங்கு வந்து மூன்று வாரம் விடுப்பில் இருந்தவன். காரணம் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டுமே. 'விசிபிலிட்டி' என்று எழுதினேன்.

உங்கள் கடிதத்தில் அதே சொல்லைப் பார்த்ததும் சற்று நேரம் மேலே படிக்கவில்லை.

இதற்குப் பெல் கர்வ் என்று பெயர். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத் தலைவராக இருந்த ஜாக் வெல்ச், மேலே 20, நடுவில் 70, கடைசியில் 10 சதவீதம் என்று ஆட்களைப் பிரித்து, அந்தக் கடைசி 10 சதவீதத்தை வெளியே அனுப்பச் சொன்னார். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் இந்த முறையைக் கைவிட்டது. பல இடங்களில் பெயர் போனது, பழக்கம் போகவில்லை. திறமையான இருவர் ஒரே குழுவில் சேர்ந்திருப்பதே இருவருக்கும் ஆபத்து என்றாகிவிட்டால், பக்கத்து மேசைக்காரனுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள்? குடும்பம் என்றார்களாம். ஆண்டுதோறும் ஒரு பிள்ளையைக் கடைசிப் பிள்ளை என்று எழுதிவைக்கும் குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

தாத்தாவைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்த மில் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியா அதன் தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர். அன்றைய குறைகளில் முன்னால் நின்றது எது தெரியுமா? மதிய உணவுக்குக் கொடுத்த அரை மணி நேரம் போதவில்லை என்பது. நூறாண்டு கழித்து அதே வடசென்னையிலிருந்து போன பேத்தி, மஞ்சள் விளக்குக்குப் பயந்து ஒரு கையால் சாப்பிடுகிறாள்.

மில் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. 1921 வேலைநிறுத்தம் சாதியால் பிளந்து புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்ததை உங்கள் பகுதிப் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஒன்று. சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது எல்லோருக்கும் பொதுவான குறையாக இருந்தது. உங்கள் ரேட்டிங் உங்களுக்கு மட்டும் தெரியும், அதனால் வெட்கமும் உங்களுக்கு மட்டும்.

மீட்டிங்கில் வாய் திறந்து பேசப் பழகுங்கள், அது எங்கே போனாலும் உதவும். ஆனால் இந்த ரேட்டிங்குக்கு அதுதான் காரணம் என்று நம்பிவிடாதீர்கள். எந்த வேலையில் எது குறைந்தது என்று மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். வாய்ப்பேச்சில் சொன்னதை அன்றன்றே தேதியோடு உங்கள் சொந்த நோட்டில் குறித்துவையுங்கள் (நிறுவனக் கோப்பு எதையும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள், அதையே குற்றமாக்கிவிடுவார்கள்). ராஜினாமாக் கடிதம் கேட்டால் அந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதிக் கொடுக்காதீர்கள். ஐ.டி. ஊழியருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று எச்.ஆர். சொல்லக்கூடும். ஆனால் 2025 வரை நடப்பிலிருந்த 1947 தொழில் தகராறுச் சட்டத்தின் கீழ் நீதிமன்றங்கள் பார்த்துவந்தது செய்கிற வேலையின் தன்மையை, பதவியின் பெயரை அல்ல. ஒரு தொழிலாளர் வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தண்டையார்பேட்டைப் பையன் மறுநாள் என்னிடம் வந்து, "அடுத்த வருஷம் சரிபண்ணிக்கிறேன் சார்" என்றான். எதைச் சரிசெய்வது என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை.

நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்.