மாரடைப்புக்குப் பிறகு வரும் மனச்சோர்வை ரத்தப் பரிசோதனை காட்டுமா?

குளச்சலிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: மாரடைப்பு வந்து வீடு திரும்பிய அப்பா இரண்டு மாதமாகக் கடற்கரைப் பக்கமே போகவில்லை. மூளை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எடுத்தால், இது மனச்சோர்வா என்று தெரியுமா?

தெரியாது. இதயத் தசை சிதைந்தால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசிவதுபோல, மூளை அடிபட்டால் என்எஸ்ஈ, எஸ்100பி என்ற புரதங்கள் ரத்தத்தில் கூடும். இதயம் நின்று உயிர்மீண்டு நினைவு திரும்பாமல் கிடப்பவர்களுக்கு, மூளை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று கணிக்க என்எஸ்ஈ பார்ப்பார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. சிவப்பணுக்களிலும் என்எஸ்ஈ இருப்பதால், எடுத்த ரத்தத்தில் அவை உடைந்தாலே அளவு ஏறிவிடும். மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இவை ஆராய்ச்சி அளவில்தான் இருக்கின்றன.

சரி, வேறென்ன வழி? பேச்சுதான். கடந்த 2 வாரத்தைப் பற்றி பிஎச்க்யூ-9 என்று 9 கேள்விகள் கேட்பார்கள். அதற்கு முன் நீங்களே கவனியுங்கள்: கட்டன் சாயா குடிக்காமலே ஆறிப்போகிறதா? கிழிந்த வலை மடியில் கிடக்க, கை சும்மா இருக்கிறதா? மாரடைப்பு வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. இது இதயத்தையும் பாதிக்கும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அவையும் இப்படிச் சோர்வைத் தரும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. இதய மாத்திரைச் சீட்டையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். சாக வேண்டும் என்று ஒரு சொல் வந்தாலும் அன்றைக்கே கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம்.