அரிசோனாவில் கள்ளி பார்க்கப் போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் செடி பார்க்க வேண்டும், நல்ல ரிசார்ட் ஒன்றில் காலை நீட்டிப் படுக்கவும் வேண்டும் என்று நினைப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. நான் சொல்வது பெரும்பாலும் பட்டுத் தெரிந்துகொண்டது.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது?

எந்தப் பூவைப் பார்க்க ஆசை என்று முதலில் முடிவு செய்யுங்கள். தேதி தானாக வந்துவிடும். மார்ச்சில் தரையோடு கிடக்கும் சின்னக் கள்ளிகளும் காட்டுப்பூக்களும் பூக்கும். காட்டுப்பூவை மட்டும் நம்பிப் போகாதீர்கள். முந்தைய இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் மழை பொய்த்திருந்தால் வெறும் மண்தான். ஏப்ரலில் பாலோ வெர்டே மரங்கள் மஞ்சளாகக் கொட்டும். இலை உதிர்ந்தாலும் பச்சைப் பட்டையை வைத்தே சமாளிக்கிற மரம் அது.

மரம் போல உயர்ந்து கை விரித்து நிற்கும் சவாரோ கள்ளி பூக்க மே, ஜூன் ஆகும். மெழுகில் செய்தது போன்ற வெள்ளைப் பூ. இருட்டிய பிறகு விரிந்து மறுநாள் பிற்பகலில் மூடிவிடும். இரவில் வௌவால், காலையில் புறாவும் தேனீயும் என்று ஷிப்ட் போட்டு வரும். மே மாத முதல் பாதிதான் என் தேர்வு. வெயில் ஏறியிருக்கும், ஆனால் ரிசார்ட்டுகளில் கூட்டம் குறையத் தொடங்கியிருக்கும்.

கேள்வி: கோடையில் அறை வாடகை பாதிக்குப் பாதி குறைகிறதாமே, ஜூலையில் போகலாமா?

2023-ல் பீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. வாடகை ஏன் குறைகிறது என்று இப்போது புரிந்திருக்கும். நீச்சல்குளம் போதும் என்றால் போங்கள். ஒன்று மட்டும் உண்டு: ஜூலையில் பருவமழை இறங்கியதும் கிரியோசோட் புதரிலிருந்து ஒரு வாசம் கிளம்பும். அதற்காகவே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: மூன்று நாள்தான் இருக்கிறது. எதைப் பார்ப்பது, எதை விடுவது?

முதல் நாள் பீனிக்ஸ் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டன். 1939-ல் திறந்தது, பாப்பகோ பூங்காவில் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று ஓடாதீர்கள். ஒரே ஒரு சவாரோவின் முன்னால் பத்து நிமிடம் நில்லுங்கள். மேலிருந்து கீழ்வரை விசிறி மடிப்பு மாதிரி வரிகள் ஓடும். மழை பெய்து தண்ணீர் குடித்ததும் அந்த மடிப்புகள் விரிந்து தண்டு பருக்கும். வறட்சியில் மறுபடி சுருங்கும். நடுவே வட்டமாக ஓட்டைகள் தெரிந்தால் மரங்கொத்தியின் வேலை. உள்ளே காயம் ஆறித் தோல் போலக் கெட்டியாகிவிடுவதால் செடிக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. அதற்குக் கை முளைக்கவே 50 முதல் 70 வருடம் ஆகும். முதல் எட்டு வருடத்தில் ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே அதிகம். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் நாலு கை வைத்த சவாரோ வேறு மாதிரித் தெரியும்.

இரண்டாம் நாள் சுப்பீரியர் ஊருக்குப் பக்கத்தில் பாய்ஸ் தாம்சன் ஆர்போரேட்டம், பீனிக்ஸிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 1920-களிலிருந்து இருக்கும் தோட்டம். உலகின் பல பாலைவனங்களிலிருந்து கொண்டுவந்த செடிகளை இங்கே வைத்திருக்கிறார்கள். பூஜம் மரத்தைத் தவறவிடாதீர்கள். கேரட்டைத் தலைகீழாக நட்டது மாதிரி நிற்கும்.

மூன்றாம் நாள் டூசான், பீனிக்ஸிலிருந்து 185 கிலோமீட்டர் போல வரும். காலையில் அரிசோனா-சொனோரா டெசர்ட் மியூசியம், மாலையில் பக்கத்திலேயே சவாரோ தேசியப் பூங்காவின் மேற்குப் பகுதி. அன்றைய ராத்திரிக்கு டூசானிலேயே அறை போடுங்கள்.

கேள்வி: ரிசார்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். தோட்டத்துக்கு எத்தனை நிமிடம் என்று பாருங்கள். செடி பார்க்கிறவருக்கு நாள் என்பது விடிந்ததிலிருந்து பத்து மணி வரை, அப்புறம் நாலரைக்கு மேல். நடுவில் ரிசார்ட். கள்ளியே பகலில் வாயைத் திறப்பதில்லை. காற்றை உள்ளே இழுக்கும் நுண்துளைகளை இரவில்தான் திறக்கிறது. நாம் மட்டும் நண்பகலில் அலைவானேன்?

என் முதல் பயணத்தில் ரொம்பப் பெயர்பெற்ற ஓர் இடத்தில் தங்கினேன். தோட்டத்துக்கு ஒரு மணி நேரம். போய்ச் சேர்ந்தபோது பத்தரை, பூக்களெல்லாம் துவண்டிருந்தன. பால்கனி வேறு மேற்குப் பார்த்தது, மாலை முழுக்க திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். அதனால் கிழக்குப் பார்த்த அறை கேளுங்கள். வளாகத்தில் உள்ளூர்ச் செடிகள் உண்டா, வெறும் புல்தரையும் பனைமரமும்தானா என்றும் கேளுங்கள். பல இடங்களில் அறை வாடகைக்கு மேல் ‘ரிசார்ட் ஃபீ’ என்று ஒவ்வொரு இரவுக்கும் தனியாகச் சேர்ப்பார்கள். மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பழைய கட்டடங்கள் பிடிக்குமென்றால் பீனிக்ஸில் அரிசோனா பில்ட்மோர் இருக்கிறது, 1929-ல் திறந்தது.

கேள்வி: அம்மாவுக்கு முட்டி வலி. நடக்க முடியுமா?

பீனிக்ஸ் தோட்டத்தின் முக்கியப் பாதை சமதளம், சக்கர நாற்காலியும் போகும். பாய்ஸ் தாம்சனில் சில பாதைகள் ஏற்ற இறக்கம். அங்கே அம்மாவை மர நிழலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள்.

கேள்வி: குழந்தைகளோடு போகிறோம். பாம்பு, தேள் பயம்?

பாதையை விட்டு இறங்காமலும் கல்லுக்கடியில் கை விடாமலும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. நான் பயப்படுவது ‘சோயா’ (cholla) என்ற கள்ளிக்குத்தான். தூரத்திலிருந்து பார்த்தால் பஞ்சு பொம்மை மாதிரி இருக்கும், குழந்தைகள் நேராக அதனிடம்தான் ஓடும். லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று ஒட்டிக்கொள்ளும். முள்ளின் நுனியில் கொக்கி போன்ற நுண்செதில்கள் இருப்பதால் கையால் இழுத்தால் அந்தக் கையிலும் ஏறும். தலை சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு ஒரே வீச்சில் தட்டிவிடுங்கள். மீதி முள்ளுக்குச் சாமணம். இரண்டும் என் பையில் எப்போதும் இருக்கும்.

கேள்வி: மெஸ்கீட் என்று எங்கே பார்த்தாலும் சொல்கிறார்களே, அது என்ன மரம்?

நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு. இங்கே நாம் வெட்டி மாளாமல் திட்டுகிறோம். அங்கே அது சொந்த மண்ணில் நிற்கிறது. சவாரோ குஞ்சுகள் வெயிலில் கருகாமல் வளர்வது பல இடங்களில் இதன் நிழலில்தான். முதல் தடவை அதன் கீழே உட்கார்ந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

கேள்வி: ஒரு சின்னக் கள்ளியைப் பிடுங்கி வரலாமா?

கூடவே கூடாது. தேசியப் பூங்காவிலிருந்து ஒரு கல்லைக்கூட எடுக்க முடியாது. வெளியிலும் உள்ளூர்ச் செடிகளுக்கு அரிசோனாவில் தனிச் சட்டம் இருக்கிறது. அமெரிக்காவிலேயே இருப்பவர்கள் தோட்டங்களில் விற்கும் நாற்றுகளை வாங்கலாம். இந்தியாவுக்கு என்றால் இறக்குமதி அனுமதி, செடி நலச் சான்றிதழ், அதோடு கள்ளி வகைக்கான சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம்) காகிதம் எல்லாம் வேண்டும். அத்தனை அலைச்சலுக்கு ஒரு நல்ல லென்ஸ் வாங்கிவிடலாம்.

கேள்வி: எனக்கு டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் லீவு. வீண்தானா?

இல்லை. கள்ளிகள் சும்மா நிற்கும், சரிதான். ஆனால் தோட்டங்களில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் கற்றாழைகள் பூக்கத் தொடங்குவது குளிர்காலத்தில்தான். ஜனவரிக் கடைசியில் போங்கள். ஆரஞ்சுப் பூந்தண்டு எதன் முன்னாலாவது அசையாமல் நின்றால் தேன்சிட்டு மாதிரி ஒரு குட்டிப் பறவை, ஹம்மிங்பேர்ட், மூக்குக்கு நேரே வந்து நிற்கும்.