ஊரில் போய்ச் செய்வதா, இங்கேயே செய்வதா?

தங்கச்சி, உங்கள் கேள்வியை ஆறுதலாக இருந்து வாசித்தேன். தெல்லிப்பழையில் மார்புக் கன்சருக்கு வைத்தியமும் ரேடியேஷனும், பிறகு கொழும்பில் இம்பிளாண்ட், அதாவது தோலுக்குள் வைக்கும் செயற்கை மார்பு. மனிசன் கூப்பிட்டுக் கனடாவில் ஸ்காபரோ வந்த பிறகு அது இறுகி, மேலே ஏறி, இரவில் நோகிறது. அதை எடுத்துவிட்டு வயிற்றுச் சதையில் மார்பு செய்யலாம் என்று இங்கேயுள்ள சேர்ஜன் சொல்கிறார். யாழ்ப்பாணம் போய் அம்மாவோடு இருந்து செய்வதா, இங்கேயே செய்வதா, காசு எவ்வளவு முடியும், சொந்தக்காரருக்கு என்ன சொல்வது என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், சில வருடம் முந்தியது. இங்கேயே செய்யுங்கள்.

முதற் காரணம், இது ஒரே ஒப்பரேஷனோடு முடிகிற காரியம் இல்லை. இம்பிளாண்டையும் அதைச் சுற்றி உடம்பு கட்டிய தடித்த சவ்வையும் எடுப்பார்கள். அன்றைக்கே வயிற்றுச் சதையை வைக்கலாம். கிருமி பிடித்திருந்தால் சில மாதம் ஆறவிட்டுத்தான் வைப்பார்கள். பிறகு மற்ற மார்புக்கு ஈடாகத் திருத்துவது, பள்ளம் விழுந்த இடத்தில் கொழுப்பு ஏற்றுவது, காம்பு செய்வது அல்லது பச்சை குத்துவது என்று ஒரு வருடத்துக்கு மேலும் இழுபடும். ஒவ்வொரு தடவையும் வெட்டின சேர்ஜனே பார்ப்பதுதான் நல்லது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்களோ அங்கே அவர் இருக்கவேண்டும்.

காசு விசயம் சுருக்கமாக. கன்சருக்குப் பிறகு செய்யும் மார்புச் சீரமைப்பு ஓஹிப்பில், அதாவது ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியில், அடங்கும். புதிதாக வருகிறவர்களுக்கு முன்பு இருந்த மூன்று மாதக் காத்திருப்பை ஒன்ராறியோ 2020 மார்ச்சில் எடுத்துவிட்டது. நீங்களாக ஊருக்குப் போய்ச் செய்தால் ஓஹிப் தராது, அத்தனையும் கைக்காசு. அதோடு 12 மாதத்தில் 153 நாளாவது ஒன்ராறியோவில் இருந்தால்தான் ஓஹிப் கார்ட் செல்லும் என்பதையும் மறக்க வேண்டாம். வேலையில் 600 மணித்தியாலம் சேர்த்திருந்தால் ஈ.ஐ. என்ற வேலைக் காப்புறுதியில் சுகவீன லீவுக் காசு 26 கிழமை வரை கிடைக்கும். சம்பளத்தில் 55 வீதம்தான், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. வீட்டுக்கு வந்த பிறகு வாங்கும் மருந்தும் ஆஸ்பத்திரிப் பார்க்கிங்கும் உங்கள் பேர்ஸில் இருந்துதான்.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். ஊரில் யாருக்காவது அனுமதிக் கடிதம் கொடுத்து, தெல்லிப்பழையில் உங்கள் பத்தோலொஜி ரிப்போட்டையும் (வெட்டி எடுத்த சதையைச் சோதித்த அறிக்கை), எந்தப் பக்கம் எவ்வளவு ரேடியேஷன் தந்தார்கள் என்ற குறிப்பையும் எடுப்பியுங்கள். கொழும்பில் இம்பிளாண்ட் கார்ட் தந்திருப்பார்கள், அதைத் தேடுங்கள். அலர்கன் கொம்பனியின் பயோசெல் என்ற சொரசொரப்பு வகையை, லிம்போமா என்ற கன்சரில் அரிதான ஒரு வகையோடு தொடர்பு இருக்கிறதென்று 2019 இல் உலகம் முழுக்க விற்பனையிலிருந்து திருப்பி எடுத்தார்கள். வருத்தம் இல்லாதவர்கள் பயந்து எடுக்கத் தேவையில்லை என்றுதான் அப்போது சொன்னது. ஆனால் உங்களுக்கு நோவு இருக்கிறபடியால் என்ன வகை என்று சேர்ஜன் கட்டாயம் கேட்பார். மற்றது, ரேடியேஷன் பட்ட இடத்தில் இம்பிளாண்ட் இறுகுவது அதிகம். கொழும்பில் செய்தவரில் பிழை பிடித்து மனதைப் புண்ணாக்காதீர்கள்.

உங்கள் சேர்ஜன் சொல்வது 'டீப் ஃபிளாப்' ஆக இருக்கவேண்டும். தொப்புளுக்குக் கீழே இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் வரை தோலையும் கொழுப்பையும் எடுப்பார்கள், தசையை விட்டுவிடுவார்கள். அதிலுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களை நெஞ்சிலுள்ள குழாய்களோடு மைக்ரோஸ்கோப்பில் பார்த்துத் தைப்பார்கள். ஒரு பக்கத்துக்கே ஆறு, எட்டு மணித்தியாலம் பிடிக்கும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையில்லை, முதலில் சீ.டி. ஸ்கான் எடுத்துக் குழாயைப் பார்ப்பார்கள். கன்சர் திரும்ப வராமல் தரும் டமொக்சிஃபென் குளிசை குடித்தால் இரத்தம் கட்டிவிடும் பயத்தில் சில கிழமை முன்னரே நிறுத்தச் சொல்லக்கூடும். அதைச் சேர்ஜனும் கன்சர் டொக்டரும் கதைத்து முடிவெடுக்கட்டும், நீங்களாக நிறுத்தவேண்டாம். வயிற்றிலிருந்து ஒரு முறைதான் எடுக்கலாம். ஆகவே "இது சரிவராவிட்டால் அடுத்தது என்ன, முதுகுச் சதையா?" என்று முன்கூட்டியே கேளுங்கள். நூற்றில் சிலருக்குச் சரிவராமல் போகத்தான் செய்கிறது.

முதல் இரவு நித்திரை என்று ஒன்று இல்லை. அறையைப் புழுங்கப் புழுங்கச் சூடாக வைத்திருப்பார்கள். மணித்தியாலத்துக்கு ஒருக்கா நேர்ஸ் வந்து, பேனை மாதிரி ஒன்றைப் புது மார்பில் வைப்பார், 'உஷ்... உஷ்...' என்று இரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கும். கேட்டால் அவர் முகம் தெளியும், போய்விடுவார். கேட்காவிட்டால் உடனே திரும்பத் தியேட்டருக்கு. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடப்பேன்.

வீட்டுக்கு வந்த பிறகு நேராக நிமிர முடியாது, ஒரு கிழமை இரண்டு கிழமை கூனித்தான் நடப்பீர்கள். காயத்து நீரை வடிக்கப் பக்கத்தில் தொங்கும் ட்ரெயின் குழாய்களின் குமிழைச் சட்டைக்குள் ஊசியால் குத்திக்கொண்டு, காலையும் மாலையும் எத்தனை மில்லிலீட்டர் என்று எழுதவேண்டும். வீட்டுக்கு நேர்ஸ் வர ஆஸ்பத்திரியே ஒழுங்கு செய்யும், வெளிக்கிட முன் கேளுங்கள். ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக் கூடாது. அரிசிச் சாக்கை விடுங்கள், சோற்றுப் பானையையே யாராவது இறக்கித் தரவேண்டும்.

அதற்கு அம்மாவைக் கூப்பிடுங்கள். ஒப்பரேஷன் திகதி போட்ட கடிதத்தை விசிற்றர் விசா விண்ணப்பத்தோடு வைத்தால் உதவும். கட்டாயம் கிடைக்கும் என்றில்லை, எனவே வேளைக்கே போடுங்கள். அம்மா வந்ததும் மூன்று விசயத்தில் சண்டை வரும். ஒன்று, ஒத்தடம். புது மார்பும் வயிறும் மரத்துப்போய் இருக்கும், சூடு தெரியாது, தோல் பொசுங்கினாலும் தெரியாது. சுடுதண்ணிப் போத்தலைக் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள். இரண்டு, கிரந்தி. இறால், கத்தரிக்காய் எல்லாம் புண்ணுக்கு ஆகாது என்று பத்தியம் போடுவார். காயம் ஆறப் புரதம் வேண்டும். மீன், முட்டை, பருப்பு என்று சேர்ந்தால் அவரும் சந்தோசப்படுவார், சுறா வறைக்கு அம்மா மறுப்புச் சொல்லமாட்டார். மூன்று, மருந்துச் சரக்கு அவித்த சரக்குத்தண்ணி, மூலிகைக் குளிசை. இரத்தப்போக்கைக் கூட்டக்கூடியதும் இருக்கும். சேர்ஜன் சரி என்னும் வரை வேண்டாம்.

ஊருக்குப் போகலாம், ஆனால் சேர்ஜன் விட்ட பிறகு. போனாலும் கிணற்றில் வாளி இழுக்கிற வேலைக்குப் போகாதீர்கள், வயிற்றுத் தையலுக்குத்தான் இழுவை. தழும்பில் வெயில் படவிடாதீர்கள், கறுத்துப்போகும்.

ஒன்றும் வைக்காமல், இம்பிளாண்டை மட்டும் எடுத்துவிட்டுத் தட்டையாக விடுவதும் முறையான தெரிவுதான். செயற்கை மார்பு வைத்த பிரா போடலாம், அந்தச் செயற்கை மார்புக்கு ஒன்ராறியோ உதவிப்பணமும் தருகிறது. பிறகு மனம் மாறினால் வருடங்கள் கழித்தும் செய்யலாம். மாமியார் என்ன நினைப்பார், மனிசன் என்ன நினைப்பார் என்று திகதி குறிக்கவேண்டாம். உங்கள் மனிசனை ஒரு தடவை சேர்ஜனிடம் கூட்டிக்கொண்டு போங்கள். படம் காட்டி விளங்கப்படுத்துவார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலே சொல்லிவையுங்கள், மனிசனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். நான் பார்த்த மட்டில் பாதியை விழுங்கிவிடுவார்கள்.

சொந்தக்காரருக்கு வயிற்றில் ஒப்பரேஷன் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. சாப்பாடு கொண்டுவாறோம் என்றால் மட்டும் மறுக்காமல் வாங்கி வையுங்கள்.