ஆவணி ஒன்றுக்கு பேட்ஜ் கையில் இருக்குமா? கேள்வி பதில்

மார்த்தாண்டத்தில் ஸ்டிக்கர், ரப்பர் ஸ்டாம்ப், நேம் பேட்ஜ் வேலை பார்க்கிறேன். தமிழ்நாடு-கேரள எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வாடிக்கையாளர்கள் உண்டு. கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (களியக்காவிளை, ஜவுளிக்கடை): அண்ணாச்சி, ஆவணி 1 அன்று கேரளப் பக்கம் பாறசாலையில் எங்கள் இரண்டாவது கடை திறப்பு. 45 பேருக்கு பேட்ஜ் வேண்டும். ஆகஸ்ட் முதல் வாரம் ஆர்டர் கொடுத்தால் போதுமா?

போதாது தம்பி. நமக்கு ஆடி, கேரளத்தாருக்கு கர்க்கடகம், இரண்டிலும் யாரும் கடை திறக்க மாட்டார்கள். அடக்கி வைத்த திறப்பு விழா எல்லாம் ஆவணி 1, அவர்களுடைய சிங்ஙம் 1 என்று ஆகஸ்ட் 17 வாக்கில் ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாளிலோ வந்து விழும், அதனால் அந்த மாதம் ஒவ்வொரு பட்டறையிலும் வரிசைதான். அதற்கு முன்னால் ஆகஸ்ட் 15 விடுமுறை வேறு. அணிய வேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: ஆகஸ்ட் 12 கையில் இருக்க வேண்டும், 7ஆம் தேதி பார்சல் கிளம்ப வேண்டும், 1ஆம் தேதிக்குள் மாதிரிக்கு நீங்கள் சரி சொல்லியிருக்க வேண்டும். அப்படியானால் பெயர்ப் பட்டியல் ஜூலை 25க்குள் என்னிடம் வர வேண்டும்.

கேள்வி (அதே கடை): லேசர் மெஷின் 45 பேட்ஜை ஒரே நாளில் வெட்டிவிடுமே, பிறகு எதற்கு இத்தனை நாள்?

மெஷினால் தாமதம் ஆவதே இல்லை, பட்டியலால்தான் ஆகும். மேனேஜர் ஒரு தாளில் எழுதி, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார், அப்புறம் "ரெண்டு பேர் வேலையை விட்டுட்டாங்க, மூணு பேர் புதுசு" என்று மறுநாள் ஒரு செய்தி வரும். சில வருடம் முன்பு ஒரு கடைக்குச் செய்தபோது தங்கமணி என்ற அக்காவின் பெயர் 'தங்கமனி' என்று போய்விட்டது. பட்டியலிலேயே அப்படித்தான் இருந்தது, நானும் கேட்காமல் வெட்டிவிட்டேன். திறப்பு விழா அன்று அவர் மட்டும் பேட்ஜ் இல்லாமல் நின்றார். அன்றிலிருந்து, ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே பார்த்து கையெழுத்துப் போட்ட தாள் வந்தால்தான் மெஷினைப் போடுவேன். அதற்கு இரண்டு நாள் ஆகும், ஆகட்டும்.

கேள்வி (பாறசாலை, பேக்கரி): உங்கள் கடையிலிருந்து இங்கே பைக்கில் வந்துவிடலாம். கூரியர் ஏன் மூன்று நான்கு நாள் எடுக்கிறது?

பார்சல் நம் ரோட்டில் நேராக வராது. இங்கிருந்து தமிழ்நாட்டுக் கிடங்குக்குப் போய், அங்கிருந்து கேரளக் கிடங்குக்கு மாறி, பிறகுதான் உங்கள் ஊர். ஹர்த்தால் வந்தால் இன்னும் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் ஆள் அனுப்பி வாங்குவதே நல்லது. கொல்லம், கோட்டயம் என்றால் கேரள அரசுப் பேருந்தில் 2023இல் தொடங்கிய கூரியரையும் பாருங்கள், டிப்போவில் போய் நீங்களே எடுக்க வேண்டுமா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பில்லை எந்த ஜிஎஸ்டி எண்ணில் போடுவது என்பதையும் ஆர்டரோடு சொல்லிவிடுங்கள். 33இல் தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம், வரி போடும் விதமே மாறும். பில் திருத்தும்வரை பார்சல் மேசையிலேயே கிடக்கும்.

கேள்வி (வெள்ளறடை, சூப்பர் மார்க்கெட்): பெயர் தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். டைப் செய்து அனுப்பினால் போதுமா?

டைப் செய்ததோடு, அது உங்கள் போனில் எப்படித் தெரிகிறது என்று ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்புங்கள். பழைய டிசைன் சாஃப்ட்வேரில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் தமிழில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், மலையாளத்தில் சில்லெழுத்து (சில மெய்யெழுத்துக்கு உள்ள தனி வடிவம்) உடைந்து சந்திரக்கலையோடு (நம் புள்ளி மாதிரி மேலே வரும் பிறைக்குறி) வரும். மலையாளம் வாசிக்கத் தெரியாதவர் வெட்டினால் அது கண்ணில் படாது. இனிஷியல் முன்னால் வருமா பின்னால் வருமா என்றும் எழுதுங்கள், உங்கள் கேரளப் பக்கம் நிறையப் பேருக்குப் பின்னால்தான். 70 மில்லிமீட்டர் பேட்ஜில் இரண்டு மொழிக்கு மேல் வேண்டாம், எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும்.

கேள்வி (குற்றாலம், லாட்ஜ்): சீசனுக்கு மட்டும் வரும் ஆட்களுக்கும் அடிக்கணுமா அண்ணாச்சி?

வேண்டாம். லாட்ஜ் பெயர் மட்டும் அடித்து, பெயர்ச் சீட்டைச் செருகும் மாதிரி வாங்குங்கள். ஆள் மாறினால் சீட்டை மாற்றினால் போதும். மே மாதமே வாங்கிவிடுங்கள், மேலே ரெசின் (காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகும் பிசின்) ஊற்றிய பளபளப்பு பேட்ஜ் வேண்டுமென்றால் கட்டாயம் மே தான். மழைக்கால ஈரத்தில் ரெசின் குமிழி விடும், வெளுக்கும், திரும்பச் செய்ய வேண்டி வரும்.

கேள்வி (கிளினிக், மார்த்தாண்டம்): பேட்ஜை மாட்ட ஊசியா, காந்தமா?

காந்தம் துணியைக் கிழிக்காது. ஆனால் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) வைத்தவர் அதை அணியவே கூடாது, அந்தக் காந்தம் அவர்களிடமிருந்து 15 செ.மீ. தள்ளியே இருக்க வேண்டும். நோயாளியைக் குனிந்து தூக்கும் நர்ஸ் அக்காக்களுக்கு, இதய நோயாளி வரும் இடத்தில், கிளிப் வைத்ததுதான் என் தேர்வு. சமையலறை ஆட்களுக்கு எதுவும் வேண்டாம், சட்டையிலேயே பெயரைத் தைத்துவிடுங்கள்.

கேள்வி (களியக்காவிளை, மருந்துக்கடை): திறப்புக்கு நான்கு நாள்தான் இருக்கிறது, இப்போது என்ன செய்வது?

பெயர்களை அட்டையில் பிரிண்ட் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள், அன்றைக்கு அது போதும். நல்ல பேட்ஜை இப்போதே ஆர்டர் செய்து அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வெற்று பேட்ஜ் கூடுதலாகச் சேர்த்துச் சொல்லுங்கள், புதிய ஆள் வந்தால் பெயர் வெட்ட அரை மணி நேரம்தான்.